ஆற்றை பிள்ளை?

2009 மே மாத நடுப்பகுதியில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தால் வந்த சனத்துக்குள் தனியே வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். நடக்கக்கூடியவர்கள் முன்னால் போனவர்களின் காலடியைப் பார்த்து நடந்து வந்தார்கள். நடக்க முடியாதவர்களை யாராவது ஒருவர் தூக்கி வந்திருந்தார். தூக்கி வந்தவர் பிள்ளையின் சித்தியாகவும் இருக்கலாம். பங்கருக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைக் கண்டு விட்டுவிட்டு வர மனமில்லாத அந்நியராகவும் இருக்கலாம். ஒரு பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி உலகத்தில் எஞ்சியிருந்த தகவல் முழுவதும் அந்த ஒருவரின் தலைக்குள் இருந்தது. எந்தத் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில், எந்த நாளில், யாருடைய உடலுக்கு அருகில் பிள்ளை இருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதை யாராவது கேட்டு எழுதினார்களா என்பதில்தான் அந்தப் பிள்ளையின் மீதிக் கதை தங்கியிருந்தது.

வன்னிக் கிராமங்களில் அறிமுகமில்லாத பிள்ளை ஒழுங்கையில் நின்றால் பெரியவர்கள் கேட்பது, "நீ ஆற்றை பிள்ளை?" என்று. தகப்பன் பெயரும் ஊரும் சொன்னால் போதும். கேட்டவர் அரை நிமிடத்தில் பாட்டன் வரைக்கும் போய்விடுவார். ஊர் கலையாமல் இருக்கும்வரைக்கும் அந்தக் கேள்விக்கு விடை இருக்கும். மன்னாரின் மடு, அடம்பன் பக்கத்திலிருந்து 2007 முதல் இடம்பெயரத் தொடங்கிய குடும்பங்கள் மல்லாவி, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், வலைஞர்மடம் என்று பல இடங்களில் கொட்டில் போட்டுப் பிரித்துத்தான் முள்ளிவாய்க்காலுக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பாதையில் வளர்ந்த நாலு வயதுப் பிள்ளையிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், கடைசியாக இருந்த கொட்டிலின் இடத்தைத்தான் சொல்லும். தகப்பன் பெயர் கேட்டால் "அப்பா" என்று சொல்லும்.

பிரிவு நடந்த விதங்கள் பல. செல் விழுந்த இடத்தில் தாயும் தகப்பனும் போய்விட, பிள்ளை மட்டும் மிஞ்சியதுண்டு. காயப்பட்டவர்களைப் புதுமாத்தளனிலிருந்தும் பின்னர் முள்ளிவாய்க்காலிலிருந்தும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் 2009 பெப்ரவரி முதல் மே 9 வரைக்கும் ஏற்றிப் போனது. நோயாளரும் உடன் போனோருமாகக் கிட்டத்தட்ட 14,000 பேர். காயப்பட்ட பிள்ளையோடு ஒருவர்தான் ஏறலாம் என்ற நிலையில் மற்றவர்கள் கரையில் நின்றார்கள். பிள்ளை திருகோணமலையிலோ புல்மோட்டையிலோ வைத்தியசாலைக் கட்டிலில் இருக்க, வீட்டார் இன்னும் கடற்கரையில் செல்லடிக்குள் இருந்தார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையிலும் பேருந்துகளில் ஏற்றியபோதும் கைகள் விடுபட்டன. தப்பி வந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, இடையே முட்கம்பி போடப்பட்டிருந்தது. ஒரு வலயத்தில் பிள்ளையும் அடுத்த வலயத்தில் தாயும் சில நூறு மீற்றர் தூரத்தில் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கக்கூடிய ஏற்பாடு அது.

2009 டிசம்பரில் வவுனியாவில் அரசாங்க அதிபரின் பொறுப்பிலும் யுனிசெவ் உதவியோடும் குடும்பங்களைத் தேடி இணைக்கும் அலகு ஒன்று தொடங்கப்பட்டது. 2011 நடுப்பகுதி வரைக்கும் அங்கு 2,564 தேடல் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 676 பிள்ளைகளைப் பற்றியவை. அந்த 676இல் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் கொடுத்தவை. எஞ்சியவை கடைசி நாட்களின் குழப்பத்தில் தவறியவர்களுக்கானவை. பெற்றோர் பிள்ளையைத் தேடிக் கொடுத்த விண்ணப்பங்களே இவை. பெற்றோர் யாரென்றே தெரியாத பிள்ளைக்காக விண்ணப்பம் கொடுக்க எவருமில்லை. அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து தேடுவதற்கு, பிள்ளையைப் பொறுப்பேற்ற சிறுவர் இல்லத்திலும் நன்னடத்தை அலுவலரின் கோப்பிலும் இருக்கும் குறிப்பு ஒன்றே ஆதாரம்.

இந்தத் தேடலின் நடைமுறை வெளியே இருப்பவர்கள் நினைப்பதைவிட நுணுக்கமானது. பிள்ளையிடம் பெயர், தகப்பன் பெயர் என்று கேட்டு நிறுத்துவதில்லை. வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள், அண்ணன் தங்கச்சி எத்தனை பேர், பள்ளிக்கூடம் எது, கோயில் திருவிழாவில் என்ன சாமி வெளியில் வந்தது, குளம் வீட்டுக்குக் கிட்டவா, வளவில் மாடு நின்றதா, நாய்க்கு என்ன பெயர் என்று கேட்பார்கள். பிள்ளைகள் தகப்பன் பெயரை மறந்தாலும் நாயின் பெயரை மறப்பதில்லை. உரிமை கோரி ஒருவர் வந்ததும் அதே கேள்விகளை அவரிடம் தனியே கேட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முழங்காலில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்பதைப் பிள்ளை ஒரு விதமாகவும் வந்தவர் வேறு விதமாகவும் சொன்னால் பிள்ளையை ஒப்படைப்பதில்லை. பிள்ளையை இழந்த ஒரு தாய், எந்தப் பிள்ளையிலும் தன் பிள்ளையின் சாயலைக் காண்பாள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பிள்ளையைக் கொடுக்க முடியாது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கல்முனையில் நடந்தது இலங்கை முழுவதற்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சேற்றுக்கும் குப்பைக்கும் நடுவே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட சில மாதக் குழந்தை கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்றைய அனுமதிப் பதிவில் அதன் இலக்கம் 81. ஒன்பது தம்பதியர் தங்கள் பிள்ளை என்று சொல்வதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. முறைப்படி நீதிமன்றம் போனது ஒரே தம்பதி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் படங்களும் கடலோடு போய்விட்டதால் நீதிபதி மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, குழந்தை அந்தத் தமிழ்ப் பெற்றோரிடமே திரும்பிப் போனது. உரிமை கோரிய பெற்றோர் உயிரோடு எதிரே நின்றதால் ஒரு பரிசோதனையோடு அந்த வழக்கு முடிந்தது. முள்ளிவாய்க்கால் பிள்ளைகளில் பலருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதிரே ஒருவரும் இல்லை.

தமிழ்ப் பெயர் முறை இந்தத் தேடலில் உதவியாகவும் தடையாகவும் இருக்கிறது. தமிழருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே பிள்ளையின் முதற்பாதிப் பெயர். ஆகவே தகப்பன் பெயரைச் சரியாகச் சொல்லும் பிள்ளை, தேடலின் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டது. அதைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பெயர் வழியில் வேறு நூலிழை எதுவும் மிஞ்சாது. ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு நூறு வருடம் பின்னால் போகலாம். ஆனால் அந்தப் பெயரே ஓர் அலுவலர் கற்பனையில் சூட்டியதாக இருந்தால் பாதை அங்கேயே முட்டிவிடும்.

சிசிலித் தீவில் நடந்தது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் அந்த இத்தாலியத் தீவின் ஊர்களில், வளர்க்க முடியாத பிள்ளையை விட்டுச் செல்வதற்குச் சுவரில் ஒரு மர உருளை பொருத்தப்பட்டிருந்தது. வெளியே நின்று பிள்ளையை அதற்குள் வைத்துச் சுற்றினால் பிள்ளை உள்ளே போய்விடும். உள்ளே நிற்பவர் தாயின் முகத்தைக் காண முடியாது. பிள்ளையைக் கையேற்ற பெண் அதைப் பதிவாளரிடம் தூக்கிப் போவாள். 1820 முதல் அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவு நடைமுறைக்கு வந்ததால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவு எழுதப்பட்டது: எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் துணியில் சுற்றியிருந்தது, உடலில் என்ன அடையாளம் இருந்தது என்று. பதிவாளரே பெயரும் குடும்பப் பெயரும் சூட்டினார். 'எறியப்பட்டவர்' என்று பொருள்படும் புரோயெத்தோ, 'கண்டெடுக்கப்பட்டவர்' என்று பொருள்படும் த்ரொவாத்தோ போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. அந்தப் பிள்ளைகளில் பலர் வளர்ந்து, 1880க்குப் பிறகு லட்சக்கணக்கான சிசிலியரோடு கப்பலேறி நியூயோர்க்குக்கும் நியூ ஓர்லியன்சுக்கும் போனார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். தாயின் பெயர் அங்கே இல்லை. ஆனால் நேரம் இருக்கிறது, துணி இருக்கிறது, பாலூட்ட ஒப்படைக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருக்கிறது, பின்னாளில் தாய் திரும்பி வந்து பிள்ளையை ஏற்றுக்கொண்டிருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1445இல் முதல் பிள்ளையை ஏற்ற இன்னொசெந்தி இல்லத்தில், பிள்ளைகளோடு வந்த பாதி நாணயங்களும் பாதிப் பதக்கங்களும் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. மறு பாதி தாயின் கையில் இருந்தது. திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் உடைத்தவை அவை.

முகம் தெரியாத தாயின் பிள்ளைக்கு அந்த அளவுக்கு எழுதி வைத்தார்கள். இலங்கையில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. 1970களிலிருந்து பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போனார்கள். 1980களில் அது பெரும் வியாபாரமாகியது. சுமார் 11,000 பிள்ளைகள் அப்படிப் போனதாகக் கணிக்கப்படுகிறது. மிக அதிகமானோர் நெதர்லாந்துக்கும், மற்றவர்கள் சுவீடன், டென்மார்க், ஜெர்மனி, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் போனார்கள். வியாபாரத்தின் களம் வன்னி அல்ல. பெரும்பாலும் கொழும்பும் மேற்கு, தெற்குப் பகுதிகளும். காகிதங்கள் யாவும் ஒழுங்காகவே இருந்தன: பிறப்புப் பதிவு, தாயின் சம்மதம், நீதிமன்றக் கட்டளை, கடவுச்சீட்டு. ஆனால் நீதிமன்றத்தில் தாயென்று நின்று கையெழுத்துப் போட்ட பெண், பல வழக்குகளில் காசுக்கு வந்து நின்றவள். பெற்ற தாய்மார் சிலரிடம் பிள்ளை இறந்துவிட்டது என்று வைத்தியசாலையில் சொல்லப்பட்டது.

முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அந்தப் பிள்ளைகள் கோப்போடு இலங்கைக்குத் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் இது வெளியே வந்தது. தேடல் எப்போதும் ஒரே விதமாகத் தொடங்கும். கோப்பிலுள்ள தாயின் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு கிராம அலுவலரிடம் போவார்கள். அவர் வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார். வைத்தியசாலையில் பிரசவப் பதிவேட்டைத் தேடுவார்கள். சிலருக்கு அந்தப் பெயரில் ஒருவரே இல்லை என்று தெரிந்தது. சிலர் பெண்ணைக் கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழுது, பின்னர் மரபணுப் பரிசோதனையில் அவள் தாயல்ல என்று அறிந்தார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் 'செம்ப்ளா' நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நடந்ததை ஒப்புக்கொண்டு, பெற்றோரையும் பிள்ளைகளையும் இணைக்க மரபணு வங்கி அமைக்கப்படும் என்றார். சுவிஸ் அரசு நியமித்த ஆய்வு, 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து 881 பிள்ளைகள் அங்கே போனதைக் கணக்கிட்டது. 2020 டிசம்பரில் அந்த நாட்டு அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளின் தத்தெடுப்புகளை ஆராய்ந்து தன் அரசையே குற்றம் சொன்னது. புதிய வெளிநாட்டுத் தத்தெடுப்புகள் உடனே நிறுத்திவைக்கப்பட்டன. இலங்கை தன் பக்கத்தில் 1992இலேயே தத்தெடுப்புச் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டார் பிள்ளை எடுப்பதை இறுக்கியிருந்தது. போன பிள்ளைகளின் காகிதங்களைத் திருத்த அந்தச் சட்டத்தால் முடியவில்லை.

பொய்க் காகிதம் உள்ளவருக்கும் காகிதமே இல்லாதவருக்கும் இறுதியில் மிஞ்சுவது உடம்பிலுள்ள பதிவு. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி மரபணு வருகிறது. கூடப்பிறந்தவரோடு சுமார் பாதியும், பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளோடு சுமார் எட்டில் ஒரு பங்கும் பொதுவாக இருக்கும். எச்சிலை அனுப்பிப் பரிசோதிக்கும் நிறுவனங்களின் தரவுத்தளத்தில் தூரத்து உறவு ஒருவர் கிடைத்தாலே அங்கிருந்து குடும்ப மரத்தைக் கட்டிக்கொண்டு வரலாம். சிசிலியரின் சந்ததியினர் பலர் இப்படித்தான் பதிவேட்டில் இல்லாத பாட்டியை நெருங்குகிறார்கள். தமிழருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மச்சானும் மச்சாளும் கட்டுவது தலைமுறைகளாகத் தொடர்ந்த குடும்பங்களில் உறவினருக்கிடையே பொது மரபணு வழக்கத்தைவிட அதிகம். கணினி 'இரண்டாம் வழி உறவு' என்று காட்டுபவர் உண்மையில் இன்னும் தூரத்து உறவாக இருக்கலாம். இதை அறியாத ஒருவர் தவறான வீட்டுப் படலையில் போய் நிற்க நேரும். தரவுத்தளத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் வன்னிச் சனத்தின் பிள்ளைகள் பரிசோதனை செய்துகொள்ளும்போதுதான் வன்னியில் தேடுபவருக்கு வழி திறக்கும்.

தேடுபவரின் பெற்றோர் இருவருமே இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு அர்ஜென்டினா விடை கண்டது. 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் பெற்றோர் காணாமல் ஆக்கப்பட, பிள்ளைகள் வேறு வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் 1977இல் ஒன்றுகூடித் தேடத் தொடங்கினார்கள். பாட்டன் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே பேரப்பிள்ளையை உறுதிப்படுத்த முடியுமா என்று விஞ்ஞானிகளைக் கேட்டவர்கள் அவர்கள்தான். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் அதற்கான முறையைச் செய்து கொடுத்தார். 1987இல் அரசாங்க மரபணு வங்கி சட்டமாக்கப்பட்டது. பாட்டிமார் இறந்த பிறகும் அவர்களின் மாதிரி அங்கே காத்திருக்கிறது. 2025 ஜூலை வரைக்கும் 140 பேர் அடையாளம் காணப்பட்டிருந்தார்கள். எல் சல்வடோரில் 12 வருட உள்நாட்டுப் போரில் படையினர் கொண்டுபோன பிள்ளைகளைத் தேட 1994இல் ஜோன் கோர்த்தினா என்ற இயேசு சபைக் குருவானவரும் தாய்மாரும் தொடங்கிய அமைப்பு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த பலரைக் கண்டுபிடித்திருக்கிறது. பிள்ளை தன் பெற்றோரை அறியவும் தன் அடையாளத்தைக் காக்கவும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 7ஆம், 8ஆம் உறுப்புரைகள் சொல்வதற்கு அர்ஜென்டினாப் பாட்டிமாரின் போராட்டமும் காரணம். இலங்கை அந்தச் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டது.

வன்னியில் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் போராட்டத்தில் பிள்ளைகளின் படங்களும் இருந்தன. போர் முடிந்த நாளில் பெற்றோரோடு படையினரிடம் போன கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் அந்தப் படங்களில் உண்டு. அவர்கள் எங்கே என்ற கேள்விக்கு இன்னும் பதில் கொடுக்கப்படவில்லை. 2016இன் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் முறைப்பாடுகளை எடுத்தது. தாய்மாரில் பெரும்பாலானோர் அதை நம்பவில்லை. ஆனால் அந்த அவநம்பிக்கைக்கு நடுவிலும் ஒரு காரியம் தள்ளிப்போடக்கூடாதது. தேடிய தாய்மாரும் தகப்பன்மாரும் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தாய் போகும்போது, எங்கோ வேறு பெயரோடு வளர்ந்திருக்கக்கூடிய பிள்ளையை அடையாளம் காட்டும் சான்றும் அவளோடு போகிறது. குடும்பத்தாரின் நம்பிக்கையைப் பெற்ற, அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாத ஓர் இடத்தில் இந்தப் பெற்றோரின் மரபணு மாதிரிகள் காக்கப்பட வேண்டும். இது பல வருடத்துக்கு முன்னரே நடந்திருக்க வேண்டியது.

தப்பி வந்த பிள்ளைகளுக்கோ வேறு வகைச் சோதனை. முள்ளிவாய்க்காலில் பிரசவங்கள் பங்கருக்குள்ளும், பள்ளிக்கூடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையிலும் நடந்தன. பிறப்பைப் பதிய அங்கே பதிவாளர் இல்லை. கையிலிருந்த பத்திரங்களும் சூட்கேசோடும் உரப்பையோடும் கடற்கரை மணலில் விடப்பட்டன. மீள்குடியேற்றத்தின் பின் நடமாடும் சேவைகளில் காலங்கடந்த பதிவுகள் செய்யப்பட்டன. சாட்சி சொல்ல உறவினர் இல்லாத பிள்ளைகளுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. பல்லையும் எலும்பையும் பார்த்து வைத்தியர் வயதைக் கணிப்பார். அதிலிருந்து ஒரு பிறந்த திகதி குறிக்கப்படும். பாடசாலை அனுமதி, பரீட்சை, தேசிய அடையாள அட்டை எல்லாம் அந்தத் திகதியில்தான் நடக்கும். 2009இல் கைக்குழந்தையாக வந்தவர்கள் இப்போது அடையாள அட்டை எடுத்துவிட்டார்கள். 18 வயதில் சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேறும்போது அவர்களின் கோப்பும் மூடப்படும். அந்தக் கோப்பின் முதற்பக்கத்தில், "யார் கொண்டுவந்து ஒப்படைத்தார்" என்ற இடத்தில் எழுதப்பட்டிருப்பதே அவர்களின் பூர்வீகத்துக்கான கடைசி வாசல். அதை அவர்கள் கேட்டு வாங்கலாம். கேட்கத் தெரியாதவர்களுக்கு இல்லத்தினரே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

தேடத் தொடங்குபவர் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீளிணைப்புப் பிரிவில் இன்றும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதல், பிள்ளையை வட்டுவாகலால் தூக்கி வந்தவரைக் கண்டுபிடிப்பது நல்லது. அவருக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கலாம். புதுக்குடியிருப்பில் தோட்டம் செய்துகொண்டிருக்கலாம், ரொறன்ரோவில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கலாம். எந்த இடத்தில், எந்த நாளில், காலையா மாலையா, பக்கத்தில் யார், பிள்ளை என்ன உடுப்பில், கழுத்தில் காலில் என்ன கட்டியிருந்தது, அழும்போது யாருடைய பெயரைச் சொன்னது என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அந்த உடுப்பு எங்காவது மிஞ்சியிருந்தால் அதையும் எறியக்கூடாது.